யார் முதலில் என்ற கேள்வி

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் ஒரு சிறிய சதுக்கம் இருக்கிறது. அங்கே சூசன் பி. ஆன்டனியும் ஃபிரடெரிக் டக்ளஸும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், வெண்கலத்தில். லாவோஸில் பிறந்த பெப்ஸி கெட்டவாங் செய்த சிலை, 2001இல் வைத்தார்கள். நயாகரா பார்க்க ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை அருவிக்குக் கூட்டிப்போகும் முன் இங்கே கொஞ்ச நேரம் நிறுத்துவது என் வழக்கம். ஒருத்தர் பெண்களின் ஓட்டுரிமைக்காக ஆயுள் முழுக்கப் பாடுபட்டவர், இன்னொருத்தர் அடிமையாகப் பிறந்து தப்பிவந்து அடிமைமுறையை எதிர்த்துப் பேசியவர், இருவரும் இந்த ஊர்க்காரர்கள், நண்பர்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செல்ஃபி எடுத்தாகியிருக்கும். போன கோடையில் வந்த சின்ன அத்தை மட்டும் கேட்டார்: "ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் ஒத்துமையாத்தான் இருந்தாங்களா?"

இல்லை, அத்தை. நடுவில் தேர்தல் வந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்திருந்தது. இனி யாருக்கெல்லாம் ஓட்டு என்ற கேள்வி எழுந்தபோது, 1866 மே மாதம் நியூயார்க்கில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் அமெரிக்கச் சம உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் ஒருசேர ஓட்டுரிமை கேட்பது அதன் நோக்கம். டக்ளஸ் இருந்தார், ஆன்டனி இருந்தார், அவருடைய தோழி எலிசபெத் கேடி ஸ்டான்டன் இருந்தார். மூன்று வருஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை.

முதல் விரிசல் கான்சஸில். 1867இல் அந்த மாநிலம் தன் வாக்காளர்கள்முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்தது. ஓட்டுரிமைச் சட்டத்திலிருந்து 'வெள்ளை' என்பதை நீக்கலாமா? 'ஆண்' என்பதை நீக்கலாமா? பதில் சொல்ல வேண்டியவர்கள் வெள்ளை ஆண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குடியரசுக் கட்சிக்காரர்கள் முதல் கேள்விக்கு ஆதரவு கேட்டார்கள். இரண்டாவதைக் கைவிட்டதோடு நிற்காமல் அதை எதிர்த்தும் பலர் பிரசாரம் செய்தார்கள். கோபம்கொண்ட ஸ்டான்டனும் ஆன்டனியும் ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெய்ன் என்ற பணக்காரரை மேடையேற்றினார்கள். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று முழங்குவார். அதே மூச்சில் கறுப்பினத்தவரைக் கேவலமாகப் பேசுவார். நவம்பரில் இரண்டு கோரிக்கைகளும் தோற்றன. கறுப்பின ஆண்களுக்குச் சுமார் 10,000 ஓட்டு, பெண்களுக்குச் சுமார் 9,000. எதிர் ஓட்டுகள் இரண்டிலும் இருபதாயிரத்தை ஒட்டி. அடுத்த ஜனவரியில் இரு பெண்மணிகளும் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பணம் டிரெய்னுடையது.

1869 மே மாதம் நியூயார்க் ஸ்டைன்வே அரங்கத்தில் சங்கம் கூடியபோது மனிதர்களின் நிஜமான முகம் தெரிந்தது. இனத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்னும் பதினைந்தாவது திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. பால் என்ற காரணம் அதில் இல்லை. ஆதரிப்பதா, எதிர்ப்பதா? படிப்பறிவில்லாத கறுப்பரும் ஐரிஷ்காரரும் ஜெர்மானியரும் சீனரும் எங்களுக்குச் சட்டம் செய்வதா என்று, கொச்சைப் பெயர்கள் வைத்து, எழுதியும் பேசியும் வந்தார் ஸ்டான்டன். டக்ளஸ் எழுந்தார். பெண் என்ற காரணத்துக்காக எந்தப் பெண்ணையும் வீட்டிலிருந்து இழுத்துவந்து விளக்குக் கம்பத்தில் தொங்கவிடுவதில்லை, அப்படி நடக்கும் நாளில் உங்கள் அவசரமும் எங்கள் அவசரமும் ஒன்றாகும் என்ற பொருளில் பேசினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: இதெல்லாம் கறுப்பினப் பெண்ணுக்கும் நடக்கிறதே? நடக்கிறது, நடக்கிறது என்று ஒப்புக்கொண்ட டக்ளஸ், ஆனால் அவள் பெண் என்பதால் அல்ல, கறுப்பினத்தவள் என்பதால் நடக்கிறது என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று அறிய எனக்கு ஆசை. பதிலைப் பற்றியோ எனக்கு வழக்கு உண்டு. 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலை தீர்மானிக்கும். அப்பன் யாராக இருந்தாலும் சரி. அதாவது எஜமான் அடிமைப் பெண்ணைக் கெடுத்தால் அவனுக்குத் தண்டனை இல்லை, சொத்து கூடும். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது கறுப்பினத்தவள் என்பதாலா, பெண் என்பதாலா? வெள்ளைப் பெண்ணின் குழந்தையை அப்படிச் சொத்தாக்க முடியாது. கறுப்பின ஆணின் வயிற்றில் குழந்தை வளராது. இரண்டு காரணங்களையும் பிரித்துத் தராசில் வைத்துப் பார்க்க அங்கே இடமே இல்லை. டக்ளஸுக்கு இது தெரியாதா? அவருடைய தகப்பன் ஒரு வெள்ளைக்காரன் என்று அவரே எழுதியிருக்கிறார். தெரியும். தேர்தல் மேடை அதைச் சொல்லவிடவில்லை.

அந்த அரங்கத்தில் இன்னொருவர் இருந்தார். ஃபிரான்சிஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர், பால்டிமோரில் சுதந்திரக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண், கவிஞர். 1866 மாநாட்டில் அவர் பேசிய பேச்சை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒஹையோவில் அவர் கணவர் கடனோடு இறந்துபோனார். கடன்காரர்களுக்காகச் சொத்தைக் கணக்கெடுக்க வந்தவர், ஹார்ப்பர் வெண்ணெய் எடுத்து விற்கும் பால் பாத்திரங்களைக்கூட விடவில்லை. மிஞ்சியது ஒரு கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி. நான் செத்து அவர் உயிரோடு இருந்திருந்தால் இப்படி வீட்டை வழித்துக்கொண்டு போயிருப்பார்களா என்று கேட்டார். இது பெண் கேட்கும் கேள்வி. அதே பேச்சில், டிராம் வண்டியில் தன்னை உட்காரவிடாமல் விரட்டியதையும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பெண்கள் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது கேட்டவர்களுக்கே தெரியும். வெள்ளைப் பெண்கள் ஒன்றும் வானத்திலிருந்து இப்போதுதான் இறங்கிய பனித்துளிகள் அல்லர், அவர்களையும் சுயநலத்திலிருந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்றார். மனிதகுலம் முழுவதும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் நலிந்தவரை மிதிப்பவரின் ஆன்மாவில் அந்தச் சாபம் வந்து இறங்கும் என்றும் சொன்னார். கிறிஸ்தவ நம்பிக்கையில் நின்று சொன்னதுதான். ஆனால் வினை செய்தவரைத் தேடிவரும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

1869இல் அவர் என்ன செய்தார்? இந்த நாட்டால் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியும் என்றால், எங்கள் ஆண்களுக்கு முதலில் கிடைக்கட்டும், கறுப்பினப் பெண்கள் வழியில் ஒரு துரும்பையும் போட மாட்டோம் என்றார். இரண்டு வருஷம் முன்பு சோஜர்னர் ட்ரூத் நேர் எதிராகப் பேசியிருந்தார்: கறுப்பின ஆண்களுக்கு மட்டும் உரிமை கிடைத்தால் அவர்கள் பெண்களுக்கு எஜமானர்கள் ஆகிவிடுவார்கள், எல்லாம் அசைந்துகொண்டிருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். இரண்டு பேரும் கறுப்பினப் பெண்கள். இரண்டு அடியையும் வாங்கியவருக்குத் தானாகவே சரியான விடை தெரிந்துவிடும் என்று நம்ப ஆசைப்படுகிறோம். அப்படி எதுவும் இல்லை.

இந்தப் பழங்கதை எனக்கு உயிரோடு வந்தது 2008இல். நான் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்தேன். அந்த வருஷம் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்கு முன்னணியில் போட்டியிட்டவர்கள் ஹிலாரி கிளின்டனும் பராக் ஒபாமாவும். ஜனவரி 8ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயரில் முதல்கட்ட வாக்கெடுப்பு நடந்த அன்று, பெண்ணிய எழுத்தாளர் குளோரியா ஸ்டைனம் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஒபாமாவின் அதே தகுதிகளோடு ஒரு பெண்ணைக் கற்பனை செய்தார்: வக்கீல், இரண்டு பெண்குழந்தைகளின் தாய், பெற்றோரில் ஒருவர் ஆப்பிரிக்கர். இவள் இவ்வளவு தூரம் வந்திருப்பாளா என்று கேட்டுவிட்டு, அமெரிக்க வாழ்க்கையில் மனிதரை அதிகம் கட்டிப்போடுவது அநேகமாகப் பால்தான் என்று எழுதினார். கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு கிடைத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் எந்த இனப் பெண்ணுக்கும் கிடைத்தது என்பதும் அதில் இருந்தது.

ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர், மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருபவர், அதைக் கத்தரித்து எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். கல்லூரியில் அவரை மருத்துவப் படிப்புக்குப் போகாதே என்று திருப்பிவிட்டவர்கள் உண்டு. அந்தக் காயம் நிஜம். நான் படித்துவிட்டு என் சக ஊழியரிடம் நீட்டினேன். அவர் கறுப்பினப் பெண், ஏ.எம்.இ. சயான் என்ற கறுப்பினக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். படித்தார், மடித்துக் கொடுத்தார். "இதை எழுதின அம்மா என்னைக் கூப்பிட்டது சாட்சி சொல்லத்தான். சொல்லியாச்சு, இறங்கிப் போன்னு அர்த்தம்" என்றார்.

அன்றிலிருந்து இந்த விவகாரத்தை எனக்கு வேறு விதமாகப் பார்க்கத் தெரியவில்லை. இரு தரப்பும் கறுப்பினப் பெண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. வாதியாக யாரும் ஏற்றுவதில்லை. கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு வந்த 1870, பெண்களுக்கு வந்த 1920 என்ற இரண்டு வருஷங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப் புத்தகத்தில் ஸ்டைனம் சொன்னது சரி. ஆனால் தெற்கு மாநிலங்களில் கறுப்பின ஆண்களின் ஓட்டைத் தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு, துப்பாக்கி என்று எல்லாமாகச் சேர்ந்து பிடுங்கிக்கொண்டன. 1920இல் பெண்களுக்கு ஓட்டு வந்தபோதும் அங்கிருந்த கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது வரவில்லை. 1965 வாக்குரிமைச் சட்டம்வரை காத்திருந்தார்கள். 'பெண்களுக்கு 1920இல் கிடைத்தது' என்ற வாக்கியத்தில் பெண் என்பவள் யார்? தத்துவப் பேராசிரியர் எலிசபெத் ஸ்பெல்மன் 1988இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்: இனத்தையும் வர்க்கத்தையும் உரித்து எடுத்துவிட்டு உள்ளே வெறும் பெண்மை ஒன்று மிஞ்சும் என்று நினைக்கிறவர், கடைசியில் எடுத்துக் காட்டுவது வசதியான வெள்ளைப் பெண்ணைத்தான் என்பது அவர் வாதம். நம் தர்க்க சாஸ்திரத்தில் பொதுத்தன்மை தனியாக எங்கும் உலாவுவதில்லை, பொருள்களில் உறைந்துதான் இருக்கும் என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் இதைச் சுலபமாக ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

ஷெர்லி சிசம் இங்கே எதிர்சாட்சியாக வருவார். 1968இல் காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். 1972இல் ஜனாதிபதி வேட்பாளராக நின்று மயாமி மாநாட்டில் 152 பிரதிநிதிகளின் வாக்கைப் பெற்றார். கறுப்பினத்தவள் என்பதைவிடப் பெண் என்பதுதான் எனக்கு அரசியலில் அதிகத் தடையாக இருந்தது என்று பலமுறை சொன்னவர். அப்படியானால் ஸ்டைனம் சரிதானே? சிசம் சொன்னது தன் வாழ்க்கைக் கணக்கு. அந்தத் தேர்தலில் கறுப்பின ஆண் தலைவர்கள் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. பெண்ணியத் தலைவர்கள் பலரும் ஜெயிக்கக் கூடியவர் என்று இன்னொரு போட்டியாளரான மக்கவர்ன் பக்கம் சாய்ந்தார்கள். அவர் கணக்கை உலகக் கணக்காக்க அவர் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 5ஆம் தேதி எங்கள் மாநிலத்தில் வாக்கெடுப்பு. அப்போதெல்லாம் நியூயார்க்கில் திரைக்குப் பின்னால் நின்று நெம்புகோலை இழுக்க வேண்டும். நான் கிளின்டனுக்கு இழுத்தேன். எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்பது அவர் திட்டத்தில் இருந்தது, ஒபாமாவுடையதில் அப்படி இல்லை. மருந்து விலையைக் கேட்டுவிட்டுச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அது போதுமான காரணம். என் சக ஊழியர் ஒபாமாவுக்கு இழுத்தார். மதியம் சேர்ந்துதான் சாப்பிட்டோம்.

ஓட்டு என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அதில் பாவமில்லை. ஹார்ப்பரும் தேர்ந்தெடுத்தார், ஸ்டான்டனும் தேர்ந்தெடுத்தார். ஹார்ப்பர் தன் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தார். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கண்ணாடி அவர் வீட்டில்தான் இருந்தது. ஸ்டான்டன் அடுத்தவர் பங்கை விட்டுக்கொடுத்தார். அதோடு, சூழ்நிலை நெருக்கியதால் எடுத்த ஒரு முடிவை, உலகத்தின் அமைப்பே அப்படித்தான் என்று கொள்கையாக்கினார். என் காயம் ஆழமானது என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. எல்லாக் காயத்திலும் இதுவே ஆழமானது என்று சொல்லும் இடத்தில்தான், ஓட்டுச் சேகரிப்பு அநியாயமாக மாறுகிறது. 2008இல் அது இரு பக்கமும் நடந்தது. செனட்டர் எட்வர்ட் கென்னடி ஒபாமாவை ஆதரித்ததைப் பெண்களுக்குச் செய்த துரோகம் என்றது தேசியப் பெண்கள் அமைப்பின் நியூயார்க் மாநிலக் கிளை. கிளின்டனுக்கு ஓட்டுப்போட்ட கறுப்பினப் பெண்களைச் சொந்தச் சனத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்றவர்களையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஆன்டனியின் கதை ஸ்டான்டனுடையதைவிட எனக்குக் கஷ்டமானது, ஏனென்றால் அவர் நல்லவர். ஐடா பி. வெல்ஸ், கறுப்பினத்தவரைக் கும்பல்கள் அடித்துக் கொல்வதை எதிர்த்து எழுதிய பத்திரிகையாளர், ராச்செஸ்டரில் ஆன்டனியின் வீட்டில் தங்கியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விருந்தாளி கடிதம் எழுத வேண்டும் என்று ஆன்டனி தன் சுருக்கெழுத்துப் பெண்ணை உதவச் சொன்னார். கறுப்பினப் பெண் சொல்லி நான் எழுத மாட்டேன் என்றாள் அவள். அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார் ஆன்டனி. அதே ஆன்டனிதான், ஓட்டுரிமைச் சங்கத்தின் மாநாடு தெற்கே அட்லாண்டாவில் நடந்தபோது, வரவேண்டாம் என்று டக்ளஸிடம் கேட்டுக்கொண்டார். அங்கே அவருக்கு அவமானம் நேரக் கூடாது. தெற்கத்தி வெள்ளைப் பெண்களும் விலகிப் போய்விடக் கூடாது. 1848 செனகா ஃபால்ஸ் கூட்டத்தில், பெண்ணுக்கு ஓட்டு என்ற தீர்மானம் பலருக்கு அதிகப்படியாகத் தோன்றியபோது எழுந்து ஆதரித்தவர் டக்ளஸ். அவரிடம்தான் இதைச் சொன்னார். கறுப்பினப் பெண்கள் தங்களுக்கு ஒரு கிளை வேண்டும் என்று கேட்டபோதும் இதே காரணத்துக்காக உதவ மறுத்திருக்கிறார். நான் செய்தது தவறென்று நினைக்கிறாயா என்று அவரே வெல்ஸிடம் கேட்டார். வெல்ஸ் ஆமாம் என்றார். ஓட்டுரிமை இயக்கத்துக்கு நீங்கள் ஆள் சேர்த்திருக்கலாம். அந்த வெள்ளைப் பெண்களின் மனதில் ஒதுக்கிவைக்கும் புத்தியையும் உறுதிப்படுத்திவிட்டீர்கள்.

தன் வீட்டுக்குள் ஒரு நொடி தயங்காதவர், இயக்கத்தின் பெயரால் வருஷக்கணக்காகத் தயங்கினார். வெல்ஸ் சொன்னதன் கனம் அடுத்த தலைமுறையில் தெரிந்தது. 1913 மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பெண்கள் ஊர்வலத்தில் வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் ஓரமாக நின்றிருந்துவிட்டு, இல்லினாய் மாநிலக் குழு வந்ததும் நடுவே புகுந்து நடந்தார்.

2016 தேர்தலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. தேர்தலன்று மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் ஆன்டனியின் கல்லில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர் ஒட்ட மணிக்கணக்கில் கூட்டம் நின்றது. டக்ளஸும் அங்கேதான் புதைந்திருக்கிறார். வாக்களித்தவர்களைச் சரிபார்த்து பியூ நிறுவனம் எடுத்த ஆய்வில் வெள்ளைப் பெண்களில் 47 சதவீதம் டிரம்புக்கு, 45 சதவீதம் கிளின்டனுக்கு. கறுப்பினப் பெண்களில் 98 சதவீதம் கிளின்டனுக்கு.

2024 ஜூலை 21 ஞாயிற்றுக்கிழமை பைடன் ஜனாதிபதித் தேர்தலிலிருந்து விலகினார், அவர் இடத்துக்குக் கமலா ஹாரிஸ் வந்தார். அன்றிரவே கறுப்பினப் பெண்கள் 44,000 பேர் ஹாரிஸுக்காக ஒரு ஜூம் அழைப்பில் கூடினார்கள். வியாழனன்று வெள்ளைப் பெண்கள் தங்களுக்கென்று ஓர் அழைப்பு வைத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வந்து ஜூம் திணறியது. தெற்காசியப் பெண்களுக்கும் ஒன்று இருந்தது, எனக்கு வாட்ஸப்பில் வந்தது. பெண்ணியம் இனவாரியாக அறை பிரித்துக்கொண்டது என்று கிண்டல் செய்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் ஆட்களிடம் நீங்கள் பேசுங்கள் என்பதுதான் வெள்ளைப் பெண்கள் அறையில் நடந்த பேச்சின் சாரம். ஹார்ப்பர் 1866இல் கேட்டதற்கு வெகு பக்கத்தில் இது வருகிறது. ஸ்டைனம் கட்டுரையைக் கத்தரித்துக் கொடுத்த அந்த ஆசிரியையும் பேரனை வைத்து ஜூமைத் திறந்து உட்கார்ந்தார். பென்சில்வேனியாவில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுப் பேசினாராம். தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆப்பிள் என்ன விலை விற்கிறது பார் என்றாளாம். நவம்பரில் வாக்குச்சாவடிக் கணிப்புகள்படி வெள்ளைப் பெண்களில் 53 சதவீதம் டிரம்புக்குப் போனது. கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஹாரிஸ் பக்கம் நின்றார்கள்.

"நீ யார்கிட்ட பேசினே?" என்று என் சக ஊழியர் கேட்டார். நியாயம்தான். அந்தப் பொங்கலுக்குத் தமிழ்ச் சங்க விழாவில், பள்ளி அரங்கத்தில், எனக்குப் பழக்கமான ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஹாரிஸ் தமிழ்ப் பெண் சியாமளா கோபாலனின் மகள் என்று ஆரம்பத்தில் பெருமைப்பட்டவள். ஓட்டு டிரம்புக்குப் போட்டிருந்தாள்.

"நாம லைன்ல நின்னு முறையா வந்தோம்க்கா. கிரீன் கார்டுக்கு எத்தனை வருஷம் நின்னோம். மத்தவங்க பாட்டுக்கு முன்னாடி வந்தா?"

அந்த லைனே எப்போது வந்தது தெரியுமா என்று கேட்டேன். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொன்னேன். 1946இல் கதவு திறந்தபோதும் வருஷத்துக்கு 100 இந்தியர்களுக்குத்தான் இடம். நம்மைப் போன்றவர்கள் வர வழிசெய்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. வாக்குரிமைச் சட்டம் அதே வருஷம் ஆகஸ்டில். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே போராட்டக் காலம். நடந்தவர்கள், அடிபட்டவர்கள் நாமில்லை.

அவள் யோசித்தாள். "அப்ப அவங்களுக்கு நாம கடன்பட்டிருக்கோம்ங்கறீங்களா?"

"கடன்னு சொல்லலை."

"வேற என்ன சொல்றீங்க? நாமளும் இங்க கொஞ்ச அவமானமா பட்டோம்? எங்க வீட்டுக்காரரை ஒரு தடவை கடையில நிறுத்தி… அதை யாரு கேட்டாங்க?"

அவள் அவமானத்தையும் அடக்கிச் சொல்லக்கூடிய ஒரு பதிலை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே மைக் கரகரத்தது. பட்டிமன்றம் ஆரம்பம். குடும்பத்தைத் தாங்கி நிறுத்துவது ஆண்களா, பெண்களா? அணிக்கு மூன்று பேர். பெண்கள் அணியில் இரண்டாவதாகப் பேச வேண்டியவள் அவள்தான். புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனாள்.